மாவனல்லைக்காரர்களுக்குக் கொடுத்த விலை

எழுபத்து நாலாம் வருடம் சித்திரை முடிந்ததிலிருந்து எங்கள் தோட்டத்து லயத்து ஆண்பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. மாவனல்லையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த இரண்டு பந்தாட்டக்காரர்களுக்கும் நாம் கொடுத்தது கூடிப்போய்விட்டதா, இல்லையா? தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் இதே பேச்சு, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில் இதே பேச்சு, யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவுக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனால் அங்கேயும் இதே பேச்சு. மாவுக்கு வரிசையில் நிற்கிற காலம் அது. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டுப் பந்து விலை பேசினார்கள்.

நான் மருதாயி. பால்வெட்டுக்காரி. ரப்பர் மலையில் பதினாறு வயதிலிருந்து கத்தி பிடிக்கிறேன். என் புருஷன் காத்தமுத்துதான் டீமுக்குக் கப்டன். அதனால் இந்தக் கதையை என்னைவிடச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது. ஆண்பிள்ளைகள் சொன்னால் கோல் கணக்கோடு முடித்துவிடுவார்கள்.

தோட்டங்களுக்கு இடையில் வருடா வருடம் ஒரு கோப்பை நடக்கும். பதினொரு வருடமாக எங்கள் தோட்டம் அதைக் கையால் தொட்டதில்லை. முந்தின வருடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திடம் ஏழு கோல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் புருஷன் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. பிள்ளை செத்தபோதுகூட மனுஷன் அப்படி இருந்ததில்லை. இதை நான் வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன். எங்களுக்கு முன்னே இரண்டு பிள்ளை தங்காமல் போயிருந்தது. இரண்டும் எட்டாம் மாதம், மலையில் வாளியோடு நிற்கும்போது வலி கண்டு போனவை.

அந்த நேரத்தில்தான் மாவனல்லையில் ஒரு கிளப் உடைந்துபோனது. அதை நடத்திய இரண்டு முதலாளிகளுக்குள் ஏதோ கொழுவல். அதில் ஆடிய அஸீஸும் நுஹ்மானும் எந்த டீமிலும் இல்லாமல் சும்மா நின்றார்கள். எங்கள் கணக்கப்பிள்ளை நல்லையா அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். மலையில் பால் நிறுத்து எங்களுக்குப் பேர் எழுதுகிறவர் அவர்தான். பந்துக் கிளப்புக்குச் செயலாளரும் அவர்தான்.

"அவங்கள விடுறதுக்குன்னு எவனுக்கும் ஒரு சதம் குடுக்கத் தேவல்ல. கூப்பிட்டா வருவானுங்க. இப்ப விட்டா வரக்காப்பொலக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்" என்று நல்லையா கூட்டத்தில் சொன்னாராம்.

வருவார்கள், சரி. ஆனால் கோப்பைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆடுகிறவன் அந்தத் தோட்டத்துத் தொழிலாளியாக இருக்க வேண்டும். செக்ரோல் என்கிற வேலைப் புத்தகத்தில் அந்த வருடம் அறுபது பேராவது விழுந்திருக்க வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. நாம் வெட்டிய பாலைக் கொண்டுபோய் நிறுத்தால் கணக்கப்பிள்ளை நம் பேரை எழுதுவார். பேர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். பால் குறைந்தால் அரைப்பேர். அந்த இரண்டு பேரும் பந்தைத்தான் வெட்டுவார்களே தவிர பால் வெட்டமாட்டார்கள். ஆகவே நாங்கள் வெட்டுகிற பாலை அவர்கள் பேரில் எழுதுவது, அந்தப் பேருக்கு விழுகிற சம்பளத்தையே அவர்களுக்குக் கூலியாகக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஆளுக்கு அறுபது, இரண்டு பேருக்கும் நூற்றிருபது.

யார் பேரை எடுத்துக் கொடுப்பது? இதில்தான் நல்லையாவின் மூளை வேலை செய்தது.

"ஆம்பளைங்க பேரக் குடுத்தா நமக்கு முழு நட்டம். பொம்பளைங்க பேரக் குடுப்போம். பொம்பளைக்கு விழுறது கொறச்ச சம்பளந்தானே? அதே பால அஸீஸ் பேருல எழுதினா ஆம்பள சம்பளம் விழும். நம்ம கையில இருந்து போறது கொஞ்சம், அவனுங்க கைக்குப் போறது கூட. மிச்சத்தக் கம்பெனிக்காரன் குடுக்கிறான். இதவிட லாபம் உண்டா?"

எல்லோரும் கைதட்டினார்களாம். டீமில் கலியாணம் கட்டினவர்கள் பத்துப் பேர். வீட்டுக்குப் பன்னிரண்டு. ஒரே வாளி, ஒரே பால், ஒரே மரம். நான் வெட்டினால் ஒரு விலை, அஸீஸ் வெட்டியதாக எழுதினால் இன்னொரு விலை. அந்த அநியாயத்தை இத்தனை வருடமாகக் கேட்காதவர்கள், அதை வைத்து லாபம் பார்க்க மட்டும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

என் புருஷன் அன்றைக்கு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

"உன் பேருல பன்னெண்ட டீமுக்குக் குடுத்திருக்கேன். திருவிழாவுக்கு ஒரு நாள் காசு வெட்டுறதில்லையா, அது மாதிரிதான்."

"கேட்டுட்டுக் குடுத்தா என்னாவாம்?"

"கப்டன் பொண்டாட்டி நீ. நீயே குடுக்காட்டி மத்தவளுக குடுப்பாளுகளா?"

எனக்கும் உள்ளூரப் பெருமைதான். காசுதானே போகிறது, போகட்டும் என்று நினைத்தேன். சரி என்றேன். யாரும் என் கையை முறுக்கவில்லை. இதையும் நான் மறைக்கக்கூடாது. தையிலிருந்து பங்குனி வரைக்கும், நல்லையாவுக்குத் தோதான நாட்களில், என் வாளியைத் தராசில் மாட்டிவிட்டு "அஸீஸ், இருபத்திரண்டு ராத்தல்" என்று உரக்க வாசிப்பார். பின்னால் நிற்கிற பக்கத்து வீட்டு ஜெயம்மா என் முகவாயைப் பிடித்து, "என்னா பாய், தாடிய எங்க?" என்பாள். நாங்கள் சிரிப்போம். சிரித்துச் சிரித்துத்தான் கொடுத்தோம்.

டீம் பைனலுக்குப் போனது. நுஹ்மான் நாலு ஆட்டத்தில் ஆறு கோல் அடித்தான். பைனலில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அதிலும் கடைசியில் கிடைத்த பெனால்டியை அஸீஸ் வானத்துக்கு அடித்தான். அன்றைக்குத் தொடங்கியது இந்த விலைப் பேச்சு.

ரப்பர் ஸ்டோரில் புகைக்கூடத்துக்கு நெருப்புப் போடுகிற பழனியாண்டி ஒரு கட்சிக்குத் தலைவர். "சும்மா நின்னவனுங்களுக்கு நூத்திருவது பேரா? நுஹ்மான் ஒருத்தன் போதும். அஸீஸ் எதுக்கு வந்தான், நுஹ்மானுக்குப் பை தூக்கவா?"

நல்லையா விடமாட்டார். "அஸீஸ் பந்தக் குடுக்காம நுஹ்மான் எப்பிடி அடிப்பான்? பதினோரு வருசத்துல பைனல் பாத்திருக்கியா நீ?"

"கோப்பையப் பாத்தேனா?"

"அடுத்த வருசம் பாப்ப."

இப்படியே வைகாசி போனது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். டிஸ்பென்சரி மருத்துவச்சி என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "மூணாவதயும் மலையில போட்டுட்டு வந்து என் முன்னால நிக்காத. இனி ஏறாத. படுத்துக் கெட." படுத்துக் கிடந்தால் யார் சோறு போடுவது? முறை வைத்து ஆளுக்குக் கிழமையில் மூன்று நாள் வேலைதான் கொடுத்தார்கள். புருஷன் சம்பளத்தில் ஒரு வாய்கூட ஒழுங்காக நிரம்பாது. ஆனால் பிள்ளைப்பேற்றுக் காசு என்று ஒன்று இருந்தது. ஆபீஸில் அதற்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், கடையில் அதைக் காட்டி மாவும் சீனியும் கடனுக்கு எடுக்கலாம். அப்படி இழுத்துப் பிடித்துக் கடைசி இரண்டு மாதத்தையும் ஓட்டிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தத் துண்டு என் பிள்ளையின் உயிர். அவ்வளவுதான் விஷயம்.

ஆபீஸில் கணேசலிங்கம் ஐயா என்கிற பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர், புத்தகத்தை விரித்தார். விரலால் கீழே கீழே ஓட்டினார். பிறகு திரும்ப மேலிருந்து ஓட்டினார்.

"பிள்ளை, ஒரு வருசத்திலை நூற்றைம்பது பேர் இருக்கவேணும். உன்ரை பேர் நூற்று நாற்பத்தாறுதான் கிடக்குது."

"இல்லீங்க ஐயா, நான் ஒரு நாளும் வேலைக்குப் போகாம நிக்கலையே."

"நீ நிக்கேல்லைதான். எனக்குத் தெரியாதே? ஆனா புத்தகத்திலை கிடக்கிறதைத்தானே நான் பாக்கலாம். நாலு காணாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கொடுத்தது காசு இல்லை, நாள். பன்னிரண்டு நாள் நான் மலைக்கே போகவில்லை என்று புத்தகம் சொல்லுகிறது. நூற்று ஐம்பத்தெட்டு இருந்திருக்க வேண்டியது. இது என் புருஷனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தினமும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற நல்லையாவுக்கும் தோன்றவில்லை. திருவிழாக் காசு மாதிரிதான் எல்லோரும் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். காத்தமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு நல்லையா வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"நாலே நாலு பேர் அண்ணே. யாரு பேருல இருந்தாவது எடுத்து இவ பேருல போட்டுருங்க" என்று என் புருஷன் கெஞ்சினார்.

நல்லையா முகம் செத்துப்போயிருந்தது. "முந்தி கேட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருப்பேன். இப்ப முடியாது காத்தமுத்து. செமி பைனல்ல தோத்தவனுங்க பெட்டிசம் எழுதிட்டானுங்க, நம்ம ஆட்டக்காரனுங்க ரெண்டு பேரும் கள்ளப் பேருன்னு. தொரை தெனமும் அந்திக்குச் செக்ரோல பங்களாவுக்குக் கொண்டுவரச் சொல்றாரு. பெரட்டுல தலைய எண்ணுறாரு. மாட்டுனா என் வேலையும் போகும், டீமையும் தடை பண்ணிருவானுங்க."

டீமையும் என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறேன், அவருக்கு டீம். ஆனாலும் அழுதுவிட்டார் மனுஷன். அழுகிறவரை என்னவென்று திட்டுவது?

இந்தச் செய்தி எப்படியோ மாவனல்லை வரைக்கும் போய்விட்டது. ஒரு பின்னேரம் அஸீஸ் பஸ் ஏறி வந்தான். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றான்.

"அக்கா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சீந்தா நான் இந்தப் பக்கம் வந்தே ஈக்க மாட்டேன்" என்றான். மடித்த காசை நீட்டினான். பன்னிரண்டு நாள் சம்பளம், அதுவும் ஆண் சம்பளம். உழைத்துச் சேர்த்ததோ, யாரிடம் கடனாக மாறியதோ தெரியாது.

"காசு வேணாம் தம்பி. நாலு நாள் குடுக்க முடியுமா ஒனக்கு?" என்று கேட்டேன். கொடுமையான கேள்விதான். அவனிடம் கேட்டிருக்கக்கூடாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் புருஷன் காசை வாங்கச் சொன்னார், நான் வாங்கவில்லை. அன்றைக்கு வாங்கியிருக்கலாம். அந்தக் காசுக்கே ஒரு மாதம் படுத்துக் கிடந்திருக்கலாம். என் ரோஷமும் இதில் ஒரு பங்கு. இப்போது நினைத்து என்ன செய்ய?

நாலு பேர்தானே, நானே எடுத்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன். நாலு நாள் ஏறினால் நூற்றைம்பது. அதன் பிறகு படுத்துக்கொள்ளலாம். புருஷன் வேண்டாம் என்றார், பிறகு அவரே என் கத்தியைத் தீட்டிக் கொடுத்தார்.

ஆனால் மழை பிடித்துவிட்டது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பால் பட்டையில் பரவி மழைத்தண்ணீரோடு ஓடிவிடும். முதல் நாள் ஒரு பேர் விழுந்தது. பிறகு ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் கீழ்வானம் வெளுத்தது, ஓடிப்போய் இரண்டாவது பேரை எடுத்தேன். மறுபடி மழை. விடியும்முன் எழுந்து வாசலில் நின்று கூரையைப் பார்ப்பேன். சொட்டு விழுகிற சத்தம் கேட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவேன். வயிற்றில் அது உதைக்கும். பொறுத்துக்கொள், இன்னும் இரண்டு என்பேன். அடுத்த கிழமை மூன்றாவது பேரும் விழுந்தது. பீலியடியில் ஆண்பிள்ளைகள் அப்போதும் அந்தப் பெனால்டியைத்தான் உதைத்துக்கொண்டிருந்தார்கள். இடது காலால் அடித்திருக்க வேண்டும் என்றார் பழனியாண்டி.

நாலாவது பேருக்குப் போன நாள் வெயில் வந்தது. மரம் நன்றாகக் காய்ந்திருந்தது. ஜெயம்மா என் வரிசையில் பாதியை வெட்டித்தர வந்தாள்; கங்காணி பார்த்துவிடுவார் என்று நான்தான் துரத்தினேன். எல்லா மரமும் வெட்டி, சிரட்டைகளை வழித்து, வாளி நிறையப் பாலோடு இறங்கினேன். பாதை முழுக்கப் பாசி. அடுக்குக் கல்லில் கால் வைத்தேன், அவ்வளவுதான் தெரியும். வாளியைத்தான் முதலில் பிடித்தேன். வயிற்றைப் பிடிக்கவில்லை. அந்த ஒரு நொடியில் என் கை வாளிக்குத்தான் போனது.

பாதிப் பால் கொட்டிவிட்டது. எழுந்து மிச்சத்தைக் கொண்டுபோய்த் தராசில் மாட்டினேன். பக்கத்தில் துரை நின்றார். நல்லையா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். "மருதாயி, பத்து ராத்தல், அரைப்பேர்."

நூற்று நாற்பத்தொன்பதரை.

அன்றைக்கே வலி கண்டது. தோட்டத்து லொறியில் கரவனல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் பிள்ளை. அழவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், "அழாத துவே, அழாத மகளே" என்று. நான் அழவே இல்லை, அவள்தான் அழுதாள்.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து ஆண்பிள்ளைகள் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு யாரோ மழையைப் பற்றி ஒன்று சொன்னார்கள். மழையிலிருந்து மைதானத்துக்குப் போனார்கள். மைதானத்திலிருந்து பைனலுக்குப் போனார்கள். நான் உள்ளே பாயில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டேன். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. வேறு என்ன பேசுவது என்று தெரியாதவர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஆவணியில் கிளப் பொதுக்கூட்டம் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைக்காம்பராவில். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஏணைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து பேசுவார்கள். நான் போகவில்லை. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நடுப்பகலில் காத்தமுத்து வந்தார். பல நாளுக்குப் பிறகு முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. என் பக்கத்தில் குந்தி, தானும் இரண்டு கீரைத் தண்டை எடுத்து ஆய்ந்தார்.

"இன்னைக்கு ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கோம்" என்றார். "கூடக் குடுத்தோமா கொறைச்சுக் குடுத்தோமாங்கிற பேச்ச விட்டாச்சு. பழனியாண்டியே எந்திரிச்சுச் சொல்லிட்டாரு, வெலையில பெழை இல்ல, குடுத்த வெதந்தான் பெழைன்னு. காத்தமுத்து வீட்டுக்கு நாம பாவம் பண்ணிட்டோம்னு சொன்னாரு. எல்லாரும் தலையக் குனிஞ்சுக்கிட்டானுங்க."

நான் அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தேன்.

"இனிமே எந்தப் பொம்பளைக்கும் ஒனக்கு வந்த மாதிரி வராது. தீர்மானமாவே எழுதிட்டோம். வயித்துப் பிள்ளக்காரிங்க பேர்ல ஒண்ணுகூட எடுக்கக்கூடாது."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் திரும்ப வாறாங்களா?"

"அஸீஸ் வரமாட்டேன்னுட்டான். நுஹ்மான் வாறான். இன்னொரு பையன், மக்கீன்னு, அவனும் சும்மாதான் நிக்கிறானாம். தொரையும் பெட்டிசத்த மறந்துட்டாரு. தையில இருந்து பேர் போட ஆரம்பிக்கணும். அதே நூத்திருவது."

"யார் பேருல எடுக்கிறீங்க?"

அவர் கீரைத்தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயித்துல இல்லாதவங்க பேருல."

"என் பேரு எத்தன?"

"பதினெட்டு."

"போன தடவ பன்னெண்டு."

"ஜெயம்மா முழுகாம இருக்கா. மூணு மாசம். அவ பங்கப் பிரிச்சுக்கணும்ல? மத்தவங்களுக்கு வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு, சொகமில்லாமக் கொள்ளாம நாள் கொறையும். நமக்கு…" என்று இழுத்தார். மிச்சத்தைச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. வருகிற வருடம் எங்கள் வீட்டில் நாள் குறைய ஒரு காரணமும் கிடையாது.

"ஜெயம்மா பிள்ளைக்காகத்தானே மருதாயி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ஒனக்கு வேணாம்னா நான் போய்ச் சொல்லிர்றேன். அவ பேரத் திரும்பச் சேத்துக்குவாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயம்மா வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? சரி, எழுதச் சொல்லுங்கள் என்றேன்.